சக்கர நாற்காலி வசதி உண்டென்று சொல்லிப் பணம் வாங்கும் பூங்கா: நீண்டகால நோயாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வன்னியில் அண்மைக் காலத்தில் திறக்கப்பட்ட தனியார் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்று, தனது விளம்பரத்தில் சக்கர நாற்காலிக் குறியீட்டைப் போட்டு, தொலைபேசியிலும் "எல்லா வசதியும் இருக்கு, நீங்கள் யோசிக்காமல் வாங்கோ" என்று உறுதி கூறி, அதற்கெனத் தனிக் கட்டணமும் வைப்புப் பணமும் பெற்றுக்கொண்டு, சொன்னவற்றில் ஏறக்குறைய எதையும் தரவில்லை. வைப்புப் பணத்தையும் திருப்பித் தர மறுத்துவிட்டது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் பூங்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. பாடசாலை விடுமுறையில் முதியவர்களையும் நோயாளர்களையும் அழைத்துக்கொண்டு இத்தகைய இடங்களுக்குப் புறப்படும் குடும்பங்கள், பணம் கட்டுவதற்கு முன்னர் இதை வாசித்துக்கொள்வது நல்லது.

நான் சிறுநீரக நோயாளி. வவுனியா மாவட்டக் கிராமங்களில் இந்நோயைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வாரத்துக்கு இரு தடவை குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொள்கிறேன். சிறுநீரகம் பழுதடையும்போது செங்குருதிக் கலங்களின் உற்பத்தியைத் தூண்டும் ஓமோனும் குறைந்துபோவதால், குருதிச்சோகையும் அதனால் வரும் களைப்பும் எங்களைப் போன்றோரை விட்டு நீங்குவதில்லை. வீட்டுக்குள் நடப்பேன், படலை வரை போய் வருவேன். ஆனால் வெயிலில் சிறிது தூரம் நடந்தாலே கால்கள் சோர்ந்துவிடும், இருந்த இடத்திலிருந்து சட்டென எழுந்தால் குருதி அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஆகையால் நீண்ட தூரம் நடக்க வேண்டிய இடங்களில் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும்படி வைத்தியரே சொல்லியிருக்கிறார். எழுந்து நிற்கக்கூடிய ஒருவருக்கும் சக்கர நாற்காலி தேவைப்படலாம் என்ற இந்த எளிய உண்மைதான் அன்று அந்தப் பூங்காவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அல்லது, விளங்காதது போல இருப்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

கனடாவிலிருந்து தங்கை குடும்பம் வந்திருந்ததை முன்னிட்டு மச்சான்தான் பூங்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் அங்கு போய்வந்த பெரிய பூங்காக்களில், எந்த ராட்டினத்தில் கதிரையை விட்டுத் தானாக எழுந்து மாற வேண்டும், எதில் கதிரையோடே ஏறலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்களாம். அந்தப் பழக்கத்தில் அவர் பாதை, மலசலகூடம், ராட்டினம், நிழல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் "ஓம், இருக்கு" என்பதே பதில். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நுழைவுச்சீட்டு, அதற்கு மேல் சக்கர நாற்காலிக்கு 1500 ரூபா வாடகை, 5000 ரூபா வைப்புப் பணம் என்று சொன்னார்கள். அத்தனையும் முன்கூட்டியே வங்கியில் வைப்பிலிடப்பட்டது.

வாசலில் கொண்டுவந்து நிறுத்திய நாற்காலி, பழைய வைத்தியசாலைக் கதிரை. ஒரு பக்கப் பிறேக் பிடிக்கவில்லை, வலது பாதத்தாங்கி முறிந்து கம்பியால் கட்டப்பட்டிருந்தது, முன் சில்லுகள் இரண்டும் உள்ளங்கை அளவேயான கட்டி இறப்பர். சீமெந்துத் தரையில் ஓடுவதற்குச் செய்யப்பட்ட அந்தச் சில்லுகளை வைத்துக்கொண்டு, வாகனத் தரிப்பிடம் தாண்டியதும் தொடங்கும் கிரவல் பாதையில் என்ன செய்ய முடியும்? முதல் வளைவிலேயே முன்சில்லு புதைந்து நான் முன்னால் சரிந்தேன். மச்சான் கதிரையைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே போனார். கிரவல் மண்ணில் சிறிய முன்சில்லைச் சுமையில்லாமல் தூக்கிப் பின்சில்லுகளில் இழுப்பது ஒன்றே வழி என்பது, முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட உறவினர் இருக்கும் வன்னி வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாதையை வடிவமைத்தவருக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

அதற்கு முன்னரே இன்னொன்று நடந்தது. வாசலில் நின்ற பெடியன் நுழைவுப் பட்டியை என் இடது கையில் இறுக்கிக் கட்ட வந்தான். அந்தக் கையில்தான் குருதிச் சுத்திகரிப்புக்காக நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சையால் இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் கடிகாரம் கட்டக் கூடாது, அழுத்தம் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. இணைப்பு அடைபட்டால் மறு சத்திரசிகிச்சைதான். மறுகையில் கட்டச் சொன்னபோது "இடது கையில்தான் கட்ட வேணும், ஸ்கான் மெசின் அந்தப் பக்கம்" என்று வாதாடினான். தங்கை குரலை உயர்த்திய பிறகே மாற்றிக் கட்டினான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்கு எவரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. சுத்திகரிப்புச் செய்துகொள்பவர்கள் மட்டும் இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருங்கள். வரவேற்புப் பானமாகச் செவ்விளநீரை நீட்டினாலும் வேண்டாமென்று சொல்லுங்கள். அதிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதடைந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பே குழம்பிவிடும்.

சுற்றிச் சுழலும் பெரிய ராட்டினத்தடியில் பொறுப்பாக நின்றவர் "கதிரையில் வாற ஆக்களை ஏத்த மாட்டம், சட்டம் அப்படி" என்றார். இடையில் இயந்திரம் நின்றுவிட்டால் தானாக இறங்க முடியாதவரை ஏற்றாமல் விடுவது நியாயமான பாதுகாப்பு விதிதான். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் நான் எழுந்து மூன்று படி ஏறிக் காட்டத் தயாராக இருந்தேன், அவர் பார்க்கவே மறுத்துவிட்டார். மற்ற விளையாட்டுகளிலும் இதே கதை. அப்படியானால் எல்லா விளையாட்டுகளுக்குமான சீட்டை எனக்கு ஏன் விற்றார்கள் என்று கேட்க அலுவலகத்துக்குப் போனோம். அலுவலக வாசலில் இரண்டு படிகள் இருந்ததால் நான் எழுந்து, கைபிடித்து, ஏறி உள்ளே போனேன். முகாமையாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்கு நடக்க ஏலும்தானே? பிறகு என்னத்துக்குக் காசைத் திருப்பிக் கேக்கிறியள்?" என்றார். ராட்டினத்தடியில் ஏற்ற முடியாத நோயாளி, அலுவலகத்தில் சுகதேகி! எந்தப் பக்கம் திரும்பினாலும் இழப்பு எனக்கே வரும்படி அந்த நியாயம் இருந்தது.

போரில் காலை இழந்தவர்களையும் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்களையும் தினமும் பார்க்கும் மண் இது. அதனால் சக்கர நாற்காலி என்றால் அசையாத கால்கள் என்றே பலரது மனத்தில் பதிந்திருக்கிறது. அந்தப் பதிவை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆயினும் அதைச் சாட்டாக வைத்து, சிறுநீரக நோயாளியையும் முடக்குவாத நோயாளியையும் இதய நோயாளியையும் நடிப்பவர்கள் போல நடத்துவதற்கு ஒரு வணிக நிறுவனத்துக்கு உரிமை கிடையாது.

மலசலகூடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கதவில் சக்கர நாற்காலிப் படம் இருந்தது, கதவடியில் முக்கால் அடி உயரத் தடுப்பும் இருந்தது. உணவகத்துக்கு ஏறுவதற்குச் சாய்தளம் என்று காட்டியது, படிகளின் மேல் சாத்திய ஒரு பலகை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அந்தப் பலகை நான்கு அடி கூட இராது.

புறப்படும்போதுதான் உண்மையான மோசடி. பாதத்தாங்கியை நாங்கள் முறித்துவிட்டோம் என்று கூறி 5000 ரூபாவையும் பிடித்துக்கொண்டார்கள். நல்லகாலமாக, நாற்காலியைப் பெற்ற உடனேயே மருமகள் விளையாட்டாகப் படம் எடுத்திருந்தாள். முறிந்த பாதத்தாங்கியும் அதைச் சுற்றிய கம்பியும் நேரத்தோடு தெளிவாக விழுந்திருந்தன. அதைக் காட்டியபோது முகாமையாளர் தொலைபேசி அழைப்பு வந்ததாக எழுந்து போனார், திரும்பி வரவில்லை. கையில் கிடைத்த பற்றுச்சீட்டில் நாற்காலி வாடகை என்ற சொல்லே இல்லை. "விசேட சேவைகள்" என்று மட்டும் எழுதி மொத்தத் தொகை போடப்பட்டிருந்தது. இதைத்தான் மற்றவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வாடகை எவ்வளவு, வைப்பு எவ்வளவு என்று பிரித்து எழுதாத பற்றுச்சீட்டை ஏற்காதீர்கள். வசதிகள் பற்றிய பதில்களை வாய்ப்பேச்சாக விடாமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். பாதையையும் மலசலகூட வாசலையும் அன்றே எடுத்த படமாக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அதுவே பதில்.

பொதுமக்கள் கூடும் கட்டடங்களில் வலுவிழந்தோர் சென்றுவர வசதி இருக்க வேண்டும் என்று, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006இல் ஒழுங்குவிதிகள் வெளியிடப்பட்டுள்ளன. ஐக்கிய நாடுகளின் வலுவிழந்தோர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இவ்வளவு இருந்தும் அவற்றைச் சொன்னபோது அந்த அலுவலகத்தில் சிரித்தார்கள். பணத்தைப் பொறுத்தவரையில் எமக்குக் கைகொடுக்கக்கூடியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். தவறாக வழிநடத்தி வியாபாரம் செய்வதை அது தடை செய்கிறது. படம், பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றின் பிரதிகளுடன் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுத்திருக்கிறேன். இதே அனுபவம் உள்ளவர்கள், சேவையைப் பெற்று மூன்று மாதங்கள் கடப்பதற்குள் தங்கள் முறைப்பாட்டையும் எழுதிக் கொடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டறியலாம்.