அடுப்புக்கரி படிந்த செங்கற் சுவர்: சோடாவா, சாம்பல் நீரா, அமிலமா?

மாரியில் நனைந்த விறகை எரிக்கும் வட இலங்கையின் வன்னிக் குசினிகளில், அடுப்புக்குப் பின்னால் பூசாமல் விடப்பட்ட செங்கற் சுவர் தைப்பொங்கலுக்குள் நன்றாகக் கறுத்துவிடுகிறது. ஈர விறகு முழுமையாக எரியாததால் புகையில் கரித்துகளுடன் தாரும் கலந்து வருகிறது. அந்தச் சுவரை விரலால் தடவினால் கரி உதிராமல் மைபோல இழுபடுவது அதனால்தான். ஆகவே, அந்தப் பிசுக்கை எது இளக்கும் என்று பார்த்தே பொருளைத் தெரிவு செய்ய வேண்டும்.

குளியலறை கழுவுவதற்கு விற்கப்படும் ஐதரோகுளோரிக் அமிலத்தைப் பலர் முதலில் நாடுகிறார்கள். எங்கள் சுவரின் ஒரு மூலையில் நானும் அதை ஊற்றிப் பார்த்தேன். உடனே நுரை பொங்கியது; கழுவிய பிறகோ கல் கறுப்பாகவே இருக்க, கற்களுக்கிடையிலிருந்த சாந்து நகத்தால் சுரண்டினாலே மணலாகக் கொட்டியது. அமிலத்துடன் கரி தாக்கமுறுவதில்லை. நுரைத்தது சாந்திலிருந்த சுண்ணாம்பு. குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்துடன் இந்த அமிலம் சேர்ந்தால் நச்சு வாயு வெளிவரும் என்பதையும் மறக்கக் கூடாது. வினாகிரியும் தேசிக்காயும் வலுக் குறைந்த அமிலங்களே. அவற்றாலும் பெரிய பயனில்லை.

சவர்க்காரம் பிசுக்கை அகற்றக்கூடியதுதான். ஆனால் வன்னியின் பல கிணறுகளில் நீர் வன்மையானது என்பதால், நுரை வராமல் வெண்படிவே மிஞ்சுகிறது. சலவைச் சோடாவோ அந்த வன்மையையும் குறைத்து, பிசுக்கையும் இளக்குகிறது. நான்கு லீற்றர் சுடுநீருக்கு அரைக் கோப்பை சோடா போதும், கையுறை அவசியம். ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் உற்பத்தி செய்த கோஸ்டிக் சோடாவை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தோலையே அரித்துவிடும்.

விறகுச் சாம்பலை ஊறவைத்து எடுக்கும் சாம்பல் நீர் செலவில்லாதது. அதிலுள்ள பொற்றாசியம் காபனேற்று ஏறத்தாழ சோடாவைப் போலவே வேலை செய்கிறது. ஆயினும் விறகுக்கு விறகு அதன் வலு மாறுபடும். துணியில் வடிக்காவிட்டால் மிஞ்சும் மணல் கல்லைக் கீறிவிடும். மெல்லிய படிவுக்குச் சாம்பல் நீரையும், ஆண்டுக்கணக்கில் ஏறிய கரிக்குச் சோடாவையுமே நான் பரிந்துரைப்பேன்.

எதைப் பயன்படுத்தினாலும், முதலில் உலர்ந்த தும்புத் தூரிகையால் கரியைத் தட்டி, பின்னர் சுவரை வெறும் நீரால் நன்றாக நனைக்க வேண்டும். நீர் குடித்த கல் அழுக்கை உள்ளே இழுக்காது. கம்பித் தூரிகை நமது மென்மையான செங்கல்லின் மேற்தோலை உரித்துவிடும். கோடு விழாதிருக்கக் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று முறை கழுவாவிட்டால் காய்ந்தபின் வெள்ளை உப்புப் பூக்கும். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் ஆனி, ஆடியில் செய்தால் சுவர் விரைவில் காயும். கழுவாமல் மேலே சுண்ணாம்பு அடிப்பவர்களுக்கு, அடுத்த மாரியில் அந்தத் தார் மஞ்சட்கறையாக வெளியே ஊறி வரும்.