ஹேக்கில் எந்தக் கதவைத் தட்டுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்: போர்க் கொடுமைக்கு நியாயம் தேட உலக நீதிமன்றமா (ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம்), சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமா? இரண்டும் நெதர்லாந்தின் ஹேக் நகரில்தான், வேலை வேறு.

யார் மேல்: முன்னது நாட்டின் மேல், பின்னது தனி மனிதர் மேல்.

யார் போகலாம்: முன்னதில் நாடுகள் மட்டும். 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது போட்ட வழக்கு அப்படித்தான். பின்னதன் வழக்குரைஞருக்கு யாரும் தகவல் அனுப்பலாம்.

வேகம்: அந்த வழக்கில் இடைக்கால உத்தரவு ஒரு மாதத்துக்குள் வந்தது. இறுதித் தீர்ப்பு என்றால் இரண்டிலும் ஆண்டுக்கணக்கு.

அமலாக்கம்: இங்கேதான் வலி. இரண்டுக்கும் சொந்தப் போலீஸ் கிடையாது. 2015இல் சூடான் அதிபர் ஒமர் அல் பஷீர் ஜொகன்னஸ்பர்க் வந்தார். குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணை இருந்தது. நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றமும் சொன்னது. அப்படியும் விமானம் ஏறிப் போய்விட்டார். நம் அரசே அவரை விட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

சரி, ஓர் அரசின் கையைத் தடுக்க உலக நீதிமன்றம். கட்டளையிட்டவரைக் கூண்டில் ஏற்ற குற்றவியல் நீதிமன்றம். கையில் சாட்சியத்தோடு நிற்கும் குடும்பத்துக்கு இரண்டாவது கதவுதான்.