டேவிட் மன்ரோவா, ஜோர்டி சவாலா: யார்கிட்ட ஆரம்பிக்கலாம்?

இடைக்கால, மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய இசையை முதல்முறையா கேக்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இந்த ரெண்டு பேரைத்தான்.

மன்ரோ இங்கிலாந்துக்காரர், 1942ல பிறந்தவர், ஊதுற வாத்தியம் எதைக் குடுத்தாலும் வாசிப்பார். அதுல க்ரம்ஹார்ன்னு ஒண்ணு, கீழ்நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், ரீடு, அதாவது ஊதினா அதிர்ற சீவாளி, மூடிக்குள்ள இருக்கறதால உதடு அதுல படவே படாது, அதனால சத்தத்தைக் கூட்டிக் குறைக்கறது ரொம்ப கஷ்டம், தேனீ கூட்டம் மாதிரி ஒரே ரீங்காரம், ஆனா அதை வச்சே மனுஷன் ஆட வச்சிடுவார்! 1967ல குழு ஆரம்பிச்சு, பிபிசி ரேடியோ வழியா சின்னப் பசங்க வரைக்கும் இந்த இசையைக் கொண்டுபோனார். நாசா விண்வெளிக்கு அனுப்பின வாயேஜர் விண்கலத்துல இருக்கற தங்க இசைத்தட்டுல அவரும் அவர் குழுவும் வாசிச்ச ஒரு துண்டும் இருக்கு. 1976ல 33 வயசுலயே போயிட்டார், நினைச்சா இப்பவும் மனசு ஆறல.

சவால் ஸ்பெயின்ல இருக்கற கேட்டலோனியாக்காரர், 1941ல பிறந்தவர். செல்லோ படிச்சிட்டு வியோலா ட காம்பாவுக்கு (கால்களுக்கு நடுவுல வச்சு வில்லால வாசிக்கற பழைய தந்தி வாத்தியம்) மாறி, சுவிட்சர்லாந்துல பாசெல் நகரத்துக்குப் போய் கத்துக்கிட்டார். 1974ல மனைவி மொன்செராட் ஃபிகெராஸோட சேர்ந்து ஹெஸ்பெரியன் குழு, 1998ல ஆலியா வோக்ஸ்ங்கற சொந்த இசைப்பதிவு லேபிள்னு பொறுமையா கட்டின வாழ்க்கை. அரபு, யூத, துருக்கி இசைக்காரங்களையும் பக்கத்துல உக்கார வச்சு வாசிக்கறார், எனக்கு அதுதான் பெருசா தெரியுது.

துள்ளல் வேணும்னா மன்ரோ, ராத்திரி தனியா உக்காந்து கேக்க சவால். ஒருத்தர்தான்னா நான் மன்ரோவைத்தான் முதல்ல போடுவேன், பத்து நிமிஷத்துல ஆளை இழுத்துடுவார்.