ஸ்லீவா, பைபாஸா? பத்து வருஷம் கழித்து வயிற்றுக்குள் எது எப்படி இருக்கும்

ஸ்லீவ், பைபாஸ் இரண்டுமே உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் செய்யும் அறுவை சிகிச்சைகள்.

உடனே என்ன மாறுகிறது?
ஸ்லீவ்: இரைப்பையில் ஏறக்குறைய 75–80 சதவீதத்தை வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவக் குழாய். திரும்ப ஒட்ட வழியே இல்லை.
பைபாஸ்: மேலே சுமார் 30 மில்லி பை, அதோடு இணைத்த சிறுகுடல். பழைய இரைப்பை உள்ளேயே சும்மா கிடக்கும்.

காலப்போக்கில்?
ஸ்லீவ்: குழாய் மெல்ல விரியும், மேல்பகுதி சிலருக்கு உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறும். நடுவில் வளையும் இடம் குறுகினால் உள்ளழுத்தம் கூடி அமிலம் மேலே எதுக்களிக்கும். நெஞ்செரிச்சல் இல்லாவிட்டாலும் உணவுக்குழாயின் உட்படலம் மாறியிருக்கலாம். அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) தேவை.
பைபாஸ்: பையும் குடலும் சேரும் வாய் அகலமானால் எடை திரும்பும். அதே இடத்தில் புண்ணும் வரும். புகையும் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையும்தான் முக்கியக் காரணங்கள். எடை குறையும்போது குடல்தாங்கிச் சவ்வின் கொழுப்பு கரைந்து இடுக்குகள் பெரிதாகும். குடல் அதில் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். சாப்பிட்டதும் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலியை 'கேஸ்' என்று தள்ளிப்போடாதீர்கள், சி.டி. ஸ்கேன் எடுங்கள். ஸ்கேன் சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை வழியே கேமரா) வைத்துப் பார்ப்பதே முறை.

பின்னால் சோதனை?
ஸ்லீவ்: வழக்கமான எண்டோஸ்கோப்பி போதும்.
பைபாஸ்: பழைய இரைப்பை, பித்தக்குழாய் இரண்டுக்கும் வாய்வழி எட்டுவது கடினம்.

பித்தப்பைக் கல், வைட்டமின் பி12 குறைவு இரண்டிலும் உண்டு. இரும்பு, கால்சியம் குறைவு பைபாஸில் அதிகம்.

ஏற்கெனவே கடும் எதுக்களிப்பு இருந்தால் பைபாஸ். புகையை விட முடியாதவர், வலி மாத்திரை தவிர்க்க முடியாதவர், குடலில் பலமுறை அறுவை ஆனவர் என்றால் ஸ்லீவ்.