ரைசன் 5 5600: யாழ்ப்பாண வெக்கையில் முதல் ஓவர்குளொக்

ஓவர்குளொக்கில், அதாவது புரொசசரைக் குறித்த வேகத்துக்கு மேலே ஓடவிடுவதில், முதன்முதலாகக் கைவைப்பவருக்கு ஏஎம்டியின் ரைசன் 5 5600 நல்ல தேர்வு. 2022 ஏப்ரலில் வந்த இந்தப் புரொசசரில் ஆறு கோர் (கணிக்கும் அலகு), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) உண்டு. அடிப்படை வேகம் 3.5 கிகாஹேர்ட்ஸ், உச்சம் 4.4. வேகத்தைத் தீர்மானிக்கும் இதன் பெருக்கி பூட்டப்படவில்லை, நாமே மாற்றலாம். இதற்கு ஈடாகச் சொல்லப்படும் இன்டெல் கோர் ஐ5 12400 பூட்டியே வருகிறது. இன்டெலில் இந்த வேலைக்குப் பெயரின் முடிவில் கே எழுத்துள்ள புரொசசரும் இசட் வரிசை மதர்போட்டும் வேண்டும். 5600க்கு ஒரு பி450 அல்லது பி550 போட் போதும். ஏ320, ஏ520 போட்களில் புரொசசரை ஓவர்குளொக் செய்ய முடியாது. ஆகவே வாங்குமுன் போட்டின் பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 5600இல் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இல்லை, தனிக் கிராபிக்ஸ் காட் இல்லாமல் திரையில் படமே வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் புரொசசரின் எல்லையைத் தீர்மானிப்பது வெக்கைதான். வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 22, 23 பாகை அறையில் எடுக்கப்பட்டவை. சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டு அறையொன்று மத்தியானம் 32, 33 பாகையில் நிற்கும். அறை ஒரு பாகை ஏறினால் புரொசசரும் ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். அங்கே 78 என்று காட்டுவது இங்கே 88 ஆகிவிடும், 5600இன் உச்ச வரம்போ 90 பாகை. பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் சாதாரணப் பாவனைக்குப் போதும், ஓவர்குளொக்குக்குப் போதாது. 120 மில்லிமீற்றர் விசிறியுள்ள, நான்கு வெப்பக் குழாய் கொண்ட கோபுரக் கூலர் ஒன்றைத்தான் முதலில் வாங்க வேண்டும். டீப்கூல் ஏகே400 போன்றது போதும். அதன் உயரம் 155 மில்லிமீற்றர். கேசிங்கின் அகலத்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பழைய கூலரைக் கழற்றும்போதுதான் பலர் புரொசசரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏஎம்4 புரொசசரின் ஊசிகள் புரொசசரின் அடியிலேயே இருக்கின்றன. புரொசசருக்கும் கூலருக்கும் இடையில் வெப்பம் கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்து பசைபோலப் பிடித்திருக்க, கூலரை நேரே மேலே இழுத்தால் புரொசசரும் சொக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். கணினியைப் பத்து நிமிடம் நன்றாக வேலை வாங்கிச் சூடாக்கி, நிறுத்தி, கரண்டைக் கழற்றி, திருகாணிகளைத் தளர்த்தியபின் கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்பிப் பிரித்து எடுங்கள். கடைசித் திருகாணியும் கழன்றதும் போட்டின் பின்தகடு விழப் பார்க்கும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். புதிய பேஸ்ட் ஒரு பயறு அளவு போதும்.

அடுத்தது பயோஸ், அதாவது கணினியை எழுப்பும், போட்டில் பதிந்த அடிப்படை மென்பொருள். 5600 வருவதற்கு முன் செய்யப்பட்ட பி450 போட்டைப் பழைய கையிருப்பிலிருந்து வாங்கினால், பயோஸைப் புதுப்பிக்கும்வரை இந்தப் புரொசசரை அது அடையாளம் காணாமல் போகலாம். புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போட் எழும்பாமலே போகக்கூடும். பற்றரி நன்றாக உள்ள யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

எதையும் மாற்றுமுன் இப்போதைய நிலையைக் குறித்து வையுங்கள். புரொசசரின் வேகத்தைப் புள்ளியாக அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23ஐப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் வெப்பத்தையும் வேகத்தையும் பாருங்கள். மாற்றம் செய்யாத 5600 ஏறத்தாழ 11,000 புள்ளி எடுக்கும். மிகக் குறைவாக வந்தால் கூலரோ காற்றோட்டமோ சரியில்லை, முதலில் அதைத் திருத்துங்கள். பிறகு றாம். இரண்டு துண்டையும் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் துளைகளில் போட்டு, பயோஸில் எக்ஸ்எம்பியை (றாமை அதன் குறித்த வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) இயக்குங்கள். 3200 என்று வாங்கிய றாம் இதைச் செய்யாவிட்டால் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும். பல கேம்களில் இந்த ஒரு மாற்றமே புரொசசர் ஓவர்குளொக்கை விட அதிக பலன் தரும்.

எல்லாக் கோரையும் 4.6இல் பூட்டி வோல்டேஜை 1.35க்கு ஏற்றுவது பழைய வழி. யாழ்ப்பாணத்தில் அதைப் பரிந்துரைக்க முடியாது. வேகத்தில் கிடைப்பது கொஞ்சம், வெக்கையோ நிறைய. 5600இன் உண்மையான பலம் புரொசசர் தானாக வேகம் கூட்டும் வரம்புகளைத் தளர்த்தும் பிபிஓ (பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்) அமைப்பிலும் அதற்குள் இருக்கும் கர்வ் ஒப்டிமைசரிலும் உள்ளது. கர்வில் எதிர்மறை எண் கொடுத்தால், ஒவ்வொரு வேகத்துக்கும் புரொசசர் கேட்கும் வோல்டேஜ் குறையும். ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். வோல்டேஜ் குறைந்தால் சூடும் குறையும், மிஞ்சும் இடத்தில் புரொசசர் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். வெக்கை ஊருக்கு இதுவே பொருந்துகிற முறை.

பயோஸில் பிபிஓவை அட்வான்ஸ்டுக்கு மாற்றுங்கள். மின் வரம்புகளை இயல்பிலேயே விடலாம்: பிபிடி (மொத்த மின்சக்தி) 76 வாட், டிடிசி (நீடித்த மின்னோட்டம்) 60 அம்பியர், ஈடிசி (கணநேர உச்ச மின்னோட்டம்) 90 அம்பியர். வெப்ப வரம்பை 85ஆக வையுங்கள். கர்வில் எல்லாக் கோருக்கும் எதிர்மறை 10. நிலையாக ஓடினால் 15, பிறகு 20. மைனஸ் 30 வரை போக இடமுண்டு, ஆனால் எல்லாக் கோரும் தாங்காது. மிகச் சிறந்த கோர் என்று புரொசசர் குறித்திருப்பதே பல வேளைகளில் முதலில் தடுமாறும், ஏனென்றால் அதற்கு ஏற்கெனவே குறைந்த வோல்டேஜே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கர்வ் நிலைத்த பிறகுதான் உச்ச வேகத்தைக் கூட்டும் அமைப்பில் 50, 100 மெகாஹேர்ட்ஸ் என ஏற்ற வேண்டும். 200தான் அதன் எல்லை.

சினிபெஞ்ச் ஓடி முடிந்துவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள். கர்வ் பிழைத்தால் பாரமான வேலையில் தெரியாமல், சும்மா இருக்கும்போதோ யூடியூப் பார்க்கும்போதோ கணினி திடீரென்று மீளத் தொடங்கும். ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குப் பாய்வது அப்போதுதான். கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்கிளரை ஓர் இரவு ஓடவிட்டால் எந்தக் கோர் தவறுகிறது என்று அதுவே சொல்லும். அந்தக் கோருக்கு மட்டும் ஐந்து எண் திருப்பிக் கொடுங்கள். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் வியா லொகர் (WHEA-Logger) என்ற வன்பொருள் பிழை வந்தாலும் அதே மருந்து. வேகம் கூடுதலாகக் காட்டியும் புள்ளி குறைந்தால், எச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் குளொக்கை, அதாவது உண்மையில் கிடைக்கும் வேகத்தை, பாருங்கள். வோல்டேஜ் போதாமல் புரொசசர் உள்ளுக்குள் வேகத்தை இழுத்துப் பிடிப்பதால் அது தாழ்ந்து நிற்கும்.

படமே வராமல் போனால் பயப்பட ஒன்றுமில்லை. கரண்டைக் கழற்றி, போட்டில் கிளியர் சீமொஸ் என்று குறித்த இரண்டு ஊசிகளையும் ஸ்குரூடிரைவர் நுனியால் பத்துச் செக்கன் தொடுங்கள். அல்லது நாணயம் போன்ற 2032 பற்றரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். எல்லா அமைப்பும் அழிந்துவிடும் என்பதால் எண்களைக் கொப்பியில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பலன் எவ்வளவு? பல கோர் வேலைகளில் 3 முதல் 5 வீதம், அதே வேலைக்குச் சில பாகை குறைந்த சூடு. விலை கூடிய 5600எக்ஸுக்கும் இதற்கும் உள்ள 200 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியை இப்படி நிரப்பிவிடலாம் என்பதால், எக்ஸுக்கு மேலதிகக் காசு கொடுப்பதில் பயனில்லை. பிபிஓவால் புரொசசருக்கு வரும் சேதத்தை ஏஎம்டி உத்தரவாதம் ஏற்காது என்பதையும் அறிந்துகொண்டே இறங்குங்கள்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பெயரும் மாதங்களில் உரும்பிராய், கோண்டாவில் பக்கம் செம்மண் தூசி கூலர் தகடுகளுக்குள் படிந்து, ஓவர்குளொக்கில் மிச்சம் பிடித்த பாகைகளை விழுங்கிவிடும். முன்வலையை மாதம் ஒருமுறை துடையுங்கள். மார்கழிக் குளிரில் கண்டுபிடித்த எண்களைச் சித்திரையில் ஒரு மத்தியான வேளை மறுபடியும் சோதித்துப் பாருங்கள்.