இலவசச் சட்ட உதவி: தம்பியின் குடிபோதை வழக்கில் நாங்கள் கண்டது

சரக்கு வேன் ஓட்டும் என் தம்பி, குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் போலீஸ் சோதனையில் பிடிபட்டான். 25,000 ரூபாய் கொடுத்தால் வழக்கையே இல்லாமல் செய்துவிடுவதாக நீதிமன்ற வாசலில் ஒருவர் எங்களை மடக்கினார். வட்டிக்கு வாங்கியாவது கொடுத்துவிடலாம் என்றான் தம்பி. நான்தான் அவனை அதே வளாகத்தில் இருந்த மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு இழுத்துப் போனேன்.

வருமானச் சான்றிதழ், ஆதார் நகல், வெள்ளைத்தாளில் ஒரு மனு. வேறெதுவும் கேட்கவில்லை. வழக்கறிஞரை ஒதுக்கத்தான் தாமதம். அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். அது பெரிய குறை.

ஆனால் வந்த வழக்கறிஞர் அம்மா அருமையானவர். மூச்சுப் பரிசோதனைக் கருவி அச்சிட்டுத் தந்த சீட்டை வாங்கித் தேதி, நேரம், கையெழுத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 86 என்ற எண்ணின் மேல் பேனாவை வைத்தார். "100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு பாயும், தம்பி. தப்பிக்க வைக்கிறேன் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அபராதம் 15,000 ரூபாய் என்பதையும் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார். வாசலில் நின்றவர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டான். முதல் குற்றம், குடும்பமே அவன் சம்பாத்தியத்தை நம்பியிருக்கிறது என்று அவர் எடுத்துச் சொன்னார். சிறை இல்லை, அபராதம் மட்டும். அது எங்கள் பணம்; வழக்கறிஞருக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. டீ வாங்கித் தரப் போனதையும் மறுத்துவிட்டார்.

அவர் முன்பே எச்சரித்தபடி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தனியாக நோட்டீஸ் வந்து, ஓட்டுநர் உரிமம் 3 மாதத்துக்கு முடக்கப்பட்டது. வேன் ஓட்டிப் பிழைப்பவனுக்கு அபராதத்தைவிட இதுதான் பலத்த அடி. அபராதம் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. மற்றவர்கள் வருமானச் சான்றிதழோடு போங்கள். முதலில் விசாரிக்க வேண்டுமானால் 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.