சர்வர் நுழைவு: கடவுச்சொல்லா, சாவியா, சான்றிதழா?

1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, டாட்டு யுலோனன் எழுதியதுதான் எஸ்எஸ்எச் (SSH), தொலைவிலுள்ள சர்வருக்குள் மறையாக்கப்பட்ட வழியில் நுழைய உதவும் நிரல். ஒட்டுக்கேட்பு அதோடு அடைபட்டது. கடவுச்சொல்லின் மற்றொரு குறை அடைபடவில்லை. மறையாக்கப்பட்ட வழியில் சென்றாலும், மறுமுனையில் இருக்கும் சர்வரின் கைக்குக் கடவுச்சொல் முழுதாகவே போய்ச் சேர்கிறது. அந்த சர்வர் ஏற்கெனவே பிறர் வசமாகியிருந்தால், அல்லது "ஹோஸ்ட் கீ மாறிவிட்டது" என்ற, சர்வரின் அடையாளச் சாவி மாறியதைச் சொல்லும் எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்து போலி இயந்திரத்தில் தட்டச்சு செய்துவிட்டால், கதை முடிந்தது. கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகம் ஒவ்வொரு சர்வருக்கும் நீளமான, வெவ்வேறான சொல்லைத் தரும். இந்தக் குறையை அதனால் தீர்க்க இயலாது.

சாவி முறையில் இரண்டு சாவிகள்: சர்வரில் வைக்கும் பொதுச்சாவி, நம்மிடமே இருக்கும் தனிச்சாவி. தனிச்சாவி நம் கணினியை விட்டு வெளியேறுவதே இல்லை. அதைக் கொண்டு இட்ட கையொப்பம் மட்டுமே செல்கிறது. ஆகவே நுழைவுக்குச் சாவியே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. சாவி வகைகளில் இடி25519 (Ed25519) போதும். எஸ்எஸ்எச்சின் பரவலான திறமூல வடிவமான ஓப்பன்எஸ்எஸ்எச்சில், 2014இல் வெளிவந்த 6.5 பதிப்பு முதல் அது உண்டு, அதன் பொதுச்சாவி ஒரே குறுவரியில் அடங்கிவிடும். தனிச்சாவிக்குக் கடவுத்தொடர் (அதைத் திறக்கும் நீண்ட கடவுச்சொல்) இடாமல் விடுவது, பூட்டிய வீட்டின் சாவியை வாசற்படியிலேயே வைப்பதற்குச் சமம். பெட்டகம் இங்கேதான் உண்மையில் பயன்படுகிறது: அது திறந்திருக்கும்வரை சாவியை ஏஜென்ட்டிடம் (சாவியை நினைவகத்தில் வைத்து நமக்காகக் கையொப்பமிடும் நிரல்) தந்து, பூட்டியதும் திரும்பப் பெறும்படி அமைக்கலாம்.

சாவியின் உண்மையான தொல்லை அதற்குக் காலாவதி இல்லாததே. நான் பொறுப்பேற்ற ஒரு சர்வரின் "ஆதரைஸ்டு கீஸ்" கோப்பில், அதாவது நுழைய அனுமதி பெற்ற பொதுச்சாவிகளின் பட்டியலில், பதினொரு வரிகள் இருந்தன. அவற்றில் நான்கு யாருடையவை என்று ஒருவருக்கும் தெரியவில்லை, நீக்கவும் துணிவில்லை. இதற்கு மருந்து, 2010இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 5.4 பதிப்பு முதல் கிடைக்கும் சான்றிதழ் முறை. இதில் சான்றளிக்கும் சாவி ஒன்று ஒவ்வொருவரின் பொதுச்சாவிக்கும் காலவரம்புடன் கையொப்பமிடும்: எட்டு மணி நேரச் சான்றிதழ் மாலையில் தானே செல்லாமல் போகும். ஆனால் சான்றளிக்கும் சாவியைக் காப்பது தனி வேலை. மூன்று சர்வர் வைத்திருப்பவருக்கு அது வீண் சுமை.

எதைத் தேர்ந்தாலும், கடவுச்சொல் நுழைவை அணைக்கும்போது பழைய இணைப்பை மூடாமல், வேறொரு சாளரத்தில் நுழைந்து சோதிக்க வேண்டும். சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்புகளில் ஒரே அமைப்புக்கு முதலில் படிக்கப்படும் மதிப்பே நிலைக்கும் என்பதால், துணைக் கோப்பு ஒன்றில் இருக்கும் "யெஸ்" நீங்கள் பின்னால் எழுதிய "நோ"வைச் செல்லாததாக்கிவிடக்கூடும்.